கலை பயில்வோர் தம்மைக் காணும் நெறி



ஒருவர் ஓவியம் தீட்டுகிறார். ஒருவர் வீணை பயில்கிறார். ஒருவர் கல்லில் உருவம் செதுக்குகிறார். ஒருவர் செய்யுள் யாக்கிறார். இவ்வுழைப்பினால் அவர்களுக்கு விளையும் பயன் யாது? பொருளும் புகழும் மிகச் சிலருக்கே வாய்க்கின்றன. அவை வாய்க்கப் பெறாத பலரும் கலையை விடாது பயின்று வருதலைக் காண்கிறோம். ஆகவே, அவர்கள் அடையும் பேறு வேறொன்று இருத்தல் வேண்டும். அஃது யாதென ஆராய்தலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி நம் இல்லங்களுக்கு மிகவும் வேண்டுவதொன்று. கலை பயில விரும்பும் பிள்ளைகளிடம் பெரியோர் இரண்டு தடைகளைக் கூறுவதுண்டு. முதல் தடை உலகியல் சார்ந்தது. கலை சோறு போடுமா என்பது. இதற்குரிய விடை அவரவர் குடும்பச் சூழலைப் பொறுத்தது. ஒரு தொழிலைச் செய்துகொண்டே கலை பயின்றோர் எக்காலத்தும் உளர். இரண்டாவது தடை ஆழமானது. அது நம் ஆகமத்தையே துணைக்கு அழைக்கிறது. கண்ணும் செவியும் இன்புறுவதற்கு அமைந்ததே கலை. புலனின்பம் இராகத்தை வளர்க்கும். இராகம் வினையைக் கட்டும். எனவே கலை பயிலுதல் வினை ஊற்றுக்கு வாயில் திறப்பதாகும் என்பது அத்தடை. இதனைக் கூறுவோர் நல்லெண்ணத்துடனேயே கூறுகின்றனர். ஆதலின் நாமும் ஆகமத்தையும், முன்னோர் விட்டுச் சென்ற கலைச் செல்வங்களையும் கொண்டே விடை காண்போம்.

இத்தடை முற்றும் உண்மையாயின், சித்தன்னவாசல் ஓவியமும் சீவக சிந்தாமணியும் முன்னோர் செய்த பிழைகள் என்று கொள்ள நேரும். உண்மை அன்றாயின், ஒரு பிள்ளையின் கையிலிருந்து தூரிகையைப் பறிப்பவர், தன்னை அறிவதற்குரிய வழிகளுள் ஒன்றையும் சேர்த்துப் பறிப்பவர் ஆவர். ஆகவே இதனைப் பொறுமையுடன் எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆதிபகவன் அருளிய கலைகள்

கற்பக மரங்கள் பயன் குன்றிய காலத்தில், ஆதிபகவனாகிய விருஷபதேவர் மக்கள் உய்யும்பொருட்டு வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் 6 தொழில்களை வகுத்தருளினார் என்பது நாம் அறிந்ததே. தம் மகளிருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார். மைந்தருள் விருஷபசேனனுக்கு இசை நூலையும், அனந்தவிஜயனுக்கு ஓவிய நூலையும் உபதேசித்தார் என்று, 9ஆம் நூற்றாண்டில் ஜினசேன ஆசாரியர் இயற்றிய ஆதிபுராணம் கூறுகிறது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. உழவும் வாணிகமும் உடலை ஓம்புதற்குரியன. இசையும் ஓவியமும் பசியைத் தீர்ப்பன அல்ல. பின்னர் அனைத்தையும் துறக்க இருந்த பகவான், இல்லறத்தார்க்கு இவற்றையும் ஏன் அளித்தார்? இல்லறத்தான் மனம் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. நல்லதொரு பற்றுக்கோடு இல்லையேல், இழந்ததை எண்ணி வருந்தும் ஆர்த்த தியானத்திலோ, பிறர்க்குத் தீங்கெண்ணும் ரௌத்திர தியானத்திலோ அது விழும். கலை அம்மனத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறது. நின்ற மனமே தன்னை நோக்குதற்கு உரியது. ஓடும் நீரில் முகம் தெரிவதில்லை. கலை அருளப்பட்டதன் பயனை நாம் இவ்வாறு கொள்ளுதல் பொருந்தும்.

நீலாஞ்சனையின் ஆடல்

பகவானின் துறவுக்கு வாயிலாக அமைந்ததும் ஒரு கலை நிகழ்ச்சியே. அரசவையில் நீலாஞ்சனை என்னும் தேவமகள் ஆடினாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய ஆயுள் முடிந்து, உரு மறைந்தது. அவையின் சுவை கெடாதவாறு இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற மற்றொருத்தியைத் தோற்றுவித்தான். தாளம் தவறவில்லை, அடவு பிசகவில்லை. அவையோர் ஒருவரும் மாற்றத்தை உணரவில்லை. பகவான் ஒருவரே உணர்ந்தார். நிலையாமையின் உண்மை அவருள்ளத்தில் பதிந்தது. அரசும் சுற்றமும் துறந்து அவர் வெளியேறினார்.

மதுராபுரியின் கங்காளி மேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டு, இலக்னோ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள பழைய புடைப்புச் சிற்பம் ஒன்று இந்நிகழ்ச்சியைக் காட்டுவதென அறிஞர் கருதுவர். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிற்பி இதனைக் கல்லில் வடிக்கத் தக்க பொருளாகக் கண்டிருக்கிறான்.

இக்கதையை நாம் நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் சொல்லி வருகிறோம். இதில் கலை பயில்வோர்க்கும் ஒரு பாடம் உண்டு. அவையில் இருந்த அனைவரும் ஒரே ஆடலைத்தான் கண்டனர். சுவையில் தோய்ந்தவர் ஆடலை மட்டும் கண்டனர். கூர்ந்து நோக்கியவர் ஆடலினூடே உண்மையைக் கண்டார். வேறுபாடு ஆடலில் இல்லை, நோக்கில் இருந்தது. ஆகவே கலை கட்டுமா, விடுவிக்குமா என்னும் வினாவுக்கு, அதனை அணுகுவோருடைய உபயோகத்தை, அதாவது உயிரின் அறிவும் காட்சியும் செல்லும் போக்கைப் பொறுத்தே விடை அமைகிறது.

தேவரின் சோதனை

கலையைக் காண்போர் நிலை இதுவாயின், கலையைப் படைப்போர் நிலை யாது? இதற்குத் தமிழ் தந்த சான்று திருத்தக்கதேவர் வரலாறாகும். சமண முனிவர் துறவைப் பாட வல்லரே அன்றிக் காமச்சுவையைப் பாட வல்லர் அல்லர் என்று மதுரைப் புலவர் சிலர் கூறினராம். தேவர் காவியம் இயற்ற ஆசிரியரிடம் விடை வேண்டினார். ஆசிரியர் உடனே இசைந்தாரல்லர். அவ்வழியே ஓடிய ஒரு நரியைச் சுட்டிக்காட்டி, முதலில் இதனைப் பாடுக என்றார். அவ்வாறு பிறந்தது நரிவிருத்தம் என்பது செவிவழிச் செய்தி. அதனைக் கண்ட பின்னரே சிந்தாமணி பாட ஆசிரியர் இசைந்தார்.

ஆசிரியர் சோதித்தது தேவரின் புலமையை மட்டும் என்று நாம் எண்ணவில்லை. ஓடும் நரியிலும் நிலையாமையைக் காணும் கண் அவரிடம் உறுதிப்பட்டுள்ளதா என்பதையே அவர் அறிய விழைந்திருத்தல் வேண்டும். அக்கண் உடையவர் எண்மர் மங்கையரை மணக்கும் சீவகனைப் பாடினாலும், அச்சுவையில் தாம் மூழ்கார். 13 இலம்பகங்களும் 3145 செய்யுள்களும் கொண்ட அப்பெருங்காவியம் நாமகள் இலம்பகத்தில் தொடங்கி முத்தி இலம்பகத்தில் முடிகிறது. கல்வியில் தொடங்கி வீட்டில் முடியும் அப்பாதை சீவகனுக்கு மட்டும் உரியதா? பாடியவரும் அப்பாதையில் உடன் நடந்தவரே அல்லரோ?

அக்காவியத்தில் காந்தருவதத்தையின் வீணைப் போட்டி ஓர் அரிய பகுதி. வாசிக்கத் தொடங்குமுன் சீவகன் தன்முன் வைக்கப்பட்ட வீணைகளை ஆராய்கிறான். மரத்திலும் நரம்பிலும் மறைந்துள்ள குற்றங்களைக் கண்டு, ஒவ்வொன்றாக விலக்குகிறான். குற்றமற்ற வீணையிலேயே குற்றமற்ற இசை பிறக்கும். இதனை நாம் நம்மேல் ஏற்றிப் பார்த்தல் நன்று. கலைஞன் கையாளும் கருவிகள் பல. அவற்றுள் இறுதியான கருவி அவனுடைய உள்ளமே. அதன் குற்றத்தை ஆராயாதவன் ஏனைய கருவிகளை எத்துணை ஆராய்ந்தும் பயன் குறைவு.

சித்தன்னவாசல் காட்டும் உண்மை

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ளது சித்தன்னவாசல் குன்று. அக்குன்றின் ஒரு பகுதியில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் இருக்கிறது. அங்கு 17 கற்படுக்கைகள் உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டளவில் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உண்டு. வெறுங்கல்லில் உடலைக் கிடத்தி நோன்பியற்றிய முனிவர்கள் வாழ்ந்த இடம் அது. அதே குன்றில்தான் அறிவர் கோயிலும் அதன் ஓவியங்களும் உள்ளன. துறவும் கலையும் பகையாயின், ஒரே குன்று இரண்டையும் தாங்கி நிற்குமா?

பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. மண்டப விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மொட்டும் மலருமாகத் தாமரைகள். இடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். மலர் கொய்யும் ஆடவர் மூவர். சமவசரணத்தில் உள்ள காதிகா பூமி என்னும் நீர்ப்பகுதியில் பவ்வியர் மலர் கொய்யும் காட்சியே இஃது என அறிஞர் விளக்குவர். அக்குளத்தில் வலையில்லை, தூண்டிலில்லை. விலங்கும் பறவையும் மனிதரும் ஒருவர்க்கொருவர் அஞ்சாது ஒரே நீரில் கலந்துள்ளனர். அகிம்சையை இதனினும் அமைதியாக விளக்கும் சொற்பொழிவு அரிது.

இவ்வோவியத்தைத் தீட்டியவர் பெயரைக் கல்வெட்டு கூறவில்லை. கோயிலைப் புதுப்பித்தவர் பெயர் நிற்கிறது. தூரிகை பிடித்தவர் பெயர் நிற்கவில்லை. சுண்ணச் சாந்து பூசிய விதானத்தை நோக்கித் தலையை அண்ணாந்து, கையை மேலுயர்த்தி அவர் உழைத்திருத்தல் வேண்டும். மீனின் வளைவைத் தீட்ட, முதலில் மீனை இமையாது நோக்கியிருத்தல் வேண்டும். அவ்வாறு நோக்கும்போது, அதனை உணவாகவோ விற்பொருளாகவோ எண்ணும் எண்ணம் விலகுகிறது. தன்னைப் போல் உயிர் தாங்கிய ஒன்று நீரில் அசைகிறது என்னும் உணர்வு எஞ்சுகிறது. பிற உயிரைத் தன்னுயிர் போல் அறிந்தவன் தன்னுயிரையும் அறியத் தொடங்குகிறான்.

இன்று அவ்வோவியங்களின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியதைக் காக்கத் தொல்லியல் துறையினர் முயன்று வருகின்றனர். அழிவை எண்ணி வருந்துவது இயல்பே. எனினும், தீட்டியவர் அடைந்த பேறு சுவரில் மட்டும் இருந்ததன்று. ஒவ்வொரு நாளும் தீட்டி முடித்து இறங்கியபோது அவருள்ளத்தில் விளைந்திருந்த தெளிவே அவருக்குரிய பேறு. அது வண்ணத்தோடு உதிர்வதில்லை.

நான்கு கஷாயங்களும் கலைஞன் கையும்

கலை பயிலும்போது நாம் நம்மை எவ்வாறு காண்கிறோம்? உயிரை மாசுபடுத்தும் கஷாயங்கள் குரோதம், மானம், மாயை, உலோபம் என நான்கு. அன்றாட வாழ்வில் இவற்றைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்லித் தப்பிவிடுகிறோம். அவர் தூண்டியதால் சினந்தேன் என்கிறோம். ஒரு தாளும் ஒரு தூரிகையும் மட்டும் முன்னிருக்கும்போது அவ்வாறு சொல்ல இயலாது. அங்கே நம்மைத் தூண்டுவார் ஒருவரும் இலர்.

கோடு கோணியவுடன் தாளைக் கசக்கி எறியத் தோன்றுகிறதே, அது குரோதம். கோணியது நம் கை, சினமோ தாளின்மேல். கோடு நன்றாக அமைந்தவுடன் யாரேனும் பார்க்கமாட்டார்களா என்று கண் வாயிலை நோக்குகிறதே, அது மானம். பிறர் வரைந்ததைப் பார்த்து வரைந்துவிட்டுத் தன் கற்பனை என்று காட்டத் துணிவது மாயை. முடிந்த ஓவியத்தை மற்றொருவர் தொடவும் பொறாது, இதற்கு என்ன விலை கிடைக்கும் என்று கணக்கிடுவது உலோபம். ஒரு நாழிகைப் பயிற்சியில் இந்நான்கும் வரிசையாக வந்து முகம் காட்டிச் செல்லும். வந்ததை வந்தது என்று அறிதலே பயிற்சியின் முதற்பயன்.

சிரவணபெளகுளத்தில் சாமுண்டராயர் செய்வித்த கோமடேசர் திருவுருவத்தைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. செதுக்கி வீழ்த்தும் கற்சிதறலின் எடைக்கு எடை பொன் தருவதாகச் சாமுண்டராயர் சிற்பிக்கு வாக்களித்தார். முதல் நாள் பெற்ற பொன்னை இல்லத்துக்குக் கொண்டு சென்ற சிற்பியின் கைகள் அப்பொன்னோடு ஒட்டிக்கொண்டு விலகாவாயின. அவன் தாய், "மகனே, தன் தாயின் விருப்பத்துக்காக ஒருவர் பொன்னை வாரி வழங்குகிறார், நீயோ அதனைப் பற்றிக்கொண்டாய்" என்றாள். அவன் மனம் தெளிந்தது, கைகள் விடுபட்டன. எஞ்சிய பணியை அவன் கூலி வேண்டாது செய்து முடித்தான் என்பர். அத்திருவுருவம் சுமார் 57 அடி உயரம் உடையது. எல்லாவற்றையும் விட்டு நின்ற பாகுபலியை வடிக்கப் புகுந்தவன், தன் பிடியை விட்ட பின்னரே அதனை வடிக்க முடிந்தது என்பதே கதையின் உட்பொருள். கல்லை அவன் செதுக்கினான். கல் அவனைச் செதுக்கியது.

உழைப்புக்குக் கூலி பெறுதல் தவறென்று இக்கதை கூறுவதாகக் கொள்ளலாகாது. கலையால் வாழ்வோர் கூலி பெறுதல் நியாயமே. பொன்னைக் கை வாங்கலாம். கையைப் பொன் வாங்கிவிடலாகாது.

வாயிலில் உள்ள பள்ளி

ஓவியர்க்கும் சிற்பிகளுக்கும் மட்டுமே உரியது இந்நெறி என்று எவரும் எண்ண வேண்டா. நம் தாய்மார் விடியலில் வாயில் தெளித்து அரிசி மாவினால் கோலம் இடுகின்றனர். புள்ளிகளை முதலில் வைத்து, அவற்றைத் தொடாது சுற்றிச் சுற்றி வளையும் கோடு, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது. சிறிது கவனம் சிதறினாலும் கோடு வழி தவறும். மாவு எறும்புக்கு உணவாகிறது. நண்பகலுக்குள் நடப்போர் காலடியில் கோலம் கலைந்துவிடுகிறது. மறுநாள் சலிப்பின்றி மீண்டும் இடுகின்றனர். பெயர் பொறிப்பதில்லை, விலை கேட்பதில்லை, அழிந்ததே என்று அழுவதும் இல்லை.

ஆலயத்தில் அரிசியைக் கொண்டு சுவஸ்திகம் அமைப்பதும் இத்தகையதே. அதன் நான்கு கைகள் நாற்கதிகளையும், மேலுள்ள மூன்று புள்ளிகள் மும்மணிகளையும், பிறையும் அதன்மேல் புள்ளியும் சித்தசிலையையும் அங்குறையும் சித்தரையும் குறிக்கும். விரல் அமைக்கும்போது உள்ளம் அப்பொருளை எண்ணுமாயின், அச்சிறு வரைவே ஒரு சுவாத்தியாயமாகும். விரல் மட்டும் பழக்கத்தால் இயங்குமாயின், அஃது அரிசி பரப்பிய செயலாகவே நிற்கும்.

கலையின் எல்லை

இனி முதலில் கூறிய தடைக்கு விடை கூறுவோம். கலை இராகத்தை வளர்க்கக்கூடும் என்பது உண்மை. புகழ் வேட்கையும் போட்டியும் புலன் மயக்கமும் கலைஞரை எளிதில் பற்றுவன. ஆயினும், மறைந்திருக்கும் இராகத்தை வெளிப்படுத்திக் காட்டும் ஆற்றலும் கலைக்கு உண்டு. நோய் இருக்குமிடம் அறியாமல் மருந்து உண்பது எங்ஙனம்? தன்னிடம் மானம் இருப்பதை அறியாதவன் மானத்தை எவ்வாறு வெல்வான்?

அதே வேளையில் கலையே வீட்டைத் தந்துவிடும் என்று நாம் கூறவில்லை. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளே வீட்டுக்கு வழி. கலை நல்வழிப்பட்டால் சுப உபயோகமாக நின்று, உள்ளத்தைப் பண்படுத்தும். பண்பட்ட நிலத்தில் விதை முளைப்பது எளிது. கண்ணாடி முகத்தில் உள்ள கறையைக் காட்டும். அதனைக் கழுவுதல் நம் கடமை. கண்ணாடியைக் காட்டாமல் மறைப்பது கறையைப் போக்கும் வழியாகாது.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும், ஒரு பிள்ளை வரையவோ பாடவோ விரும்பினால், பரிசு கிடைக்குமா என்று முதலில் கேட்காதிருத்தல் நன்று. வரையும்போது உன் மனம் எங்கே இருந்தது என்று கேட்கலாம். அக்கேள்வி பிள்ளையைத் தன்னை நோக்கித் திருப்பும். வாழ்வுக்குப் பொருள் எது என்று பின்னாளில் அப்பிள்ளை தேடும்போது, உள்ளே நோக்கும் பழக்கம் அதற்குத் துணை நிற்கும். பணி ஓய்வு பெற்ற முதியோரும், இல்லப் பணியில் தம்மை மறந்துபோன மகளிரும் எந்த அகவையிலும் இதனைத் தொடங்கலாம். கை நடுங்கினாலும் குற்றமில்லை. நடுங்கும் கோடும் தன்னை அறிவிக்கும்.

பயிற்சி

1. நாள்தோறும் இயலாவிடினும், கிழமைக்கு ஒருமுறை ஒரு முகூர்த்த காலம், அதாவது 48 நிமிடங்கள், ஒரு கலைப் பயிற்சிக்கென ஒதுக்குக. ஓர் இலை, ஒரு செம்பு, ஓர் எறும்பு வரிசை என எளிய பொருளையே எடுத்துக்கொள்க. உயிருள்ள எதனையும் பறித்தோ பிடித்தோ கொணரற்க. அஃது இருக்குமிடம் சென்று நோக்குக.

2. முதல் கால் பங்கு நேரம் நோக்குதல் மட்டும் செய்க. பின்னர்க் கையைத் தொடங்குக.

3. பயிற்சிக்கிடையே நான்கு கஷாயங்களுள் எது, எப்போது எழுந்தது என்பதைத் தாளின் ஓரத்தில் ஒரு சொல்லால் குறித்துக்கொள்க. அதற்காகத் தன்னை இகழவும் வேண்டா, புகழவும் வேண்டா.

4. முடிந்ததை ஒரு திங்கள் வரை எவருக்கும் காட்டாதிருந்து பார்க்க. காட்ட வேண்டும் என்னும் துடிப்பு எவ்வாறு எழுந்து, எவ்வாறு அடங்குகிறது என்பதை உணர்க.

5. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தாம் மிக விரும்பிய படைப்பு ஒன்றைப் பெயர் குறிப்பிடாது பிறர்க்கு அளித்திடுக. கொடுக்கும்போது கை ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க.

சிந்தனைக்கு: நீலாஞ்சனை மறைந்ததை அவையோர் ஏன் காணவில்லை? நாம் நாள்தோறும் காணும் காட்சிகளுள், பார்த்தும் காணாதவை எவை? குடும்பத்தினர் ஒருங்கமர்ந்து இவ்வினாக்களைப் பேசி மகிழ்க.

கை செய்வதைக் கண் காண்க. கண் காண்பதை உள்ளம் காண்க. உள்ளத்தை உயிர் காண்க. அவ்வாறு காணப் பழகிய இல்லத்தில் கோலமும் பாட்டும் ஓவியமும் அறத்துக்குத் துணையாகவே விளங்கும்.

அறம் வளர்க!